தவம் என்று பெயர் வைத்த முள்ளெலி

சுவிஸின் துன் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல்களில் வேலை பார்த்த நம்மவர்களுக்குள் முள்ளெலி வளர்த்தவர் என்று பெயர் எடுத்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா ஒருவர்தான். சருகுக்குள் கிடந்ததைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்து, வைத்துக்கொள்வோம் என்று அடம் பிடித்தால் பெற்றோர் அவரிடம்தான் யோசனை கேட்டார்கள். அவரும் பொறுமையாகச் சொல்வார். பால் வைக்கக் கூடாது, வயிறு கலங்கிச் செத்துவிடும். மடியில் படுக்காது. கூப்பிட்டால் வராது. பகல் முழுக்கத் தூங்கிவிட்டு, இருட்டுகிற மம்மல் நேரத்தில் எழும்பும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில், "வேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கோ பிள்ளையளுக்கு" என்று எழுந்து போய்விடுவார். அதற்கு மேல் அவர் வாயைக் கிளறினால் கிடைப்பது ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் மனிதர் பேய் பிசாசு என்று நடுங்குகிற ஆளே இல்லை. யாழ்ப்பாணத்துச் சங்கானையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அரிசி மூட்டையையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாவையும் நம்பினாரே தவிர, கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பியவரில்லை. எண்பத்துநாலில் சுவிஸுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டு, ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கினார். மனேஜராக இருந்தவன் கோப்பை கழுவுகிறேனே என்று ஒரு நாளும் புலம்பவில்லை. புலம்பினால் கோப்பை குறையுமா என்று கேட்பார்.

அவர் மனைவி சிவமலர், எண்பத்தாறாம் ஆண்டு இலைகள் கொட்டுகிற காலத்தில் வந்து சேர்ந்தாள். விட்டுவிட்டு வந்த பெண் வாயாடி. விமான நிலையத்தில் வந்து நின்றவளோ கேட்டதற்கு மட்டும் தலையாட்டினாள். காரணம் அவருக்குத் தெரியும். அவளுடைய தம்பி தவச்செல்வன், தாய் தகப்பன் போன பிறகு அவள் கையாலேயே வளர்ந்தவன், ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திப் பக்கம் போனான். அதோடு சரி. சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள் சிலர். சுட்டுப் போட்டுவிட்டார்கள் என்றார்கள் சிலர். பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

வெளியே போனவனுக்குச் சோறு எடுத்து மூடி வைப்பது நம்முடைய வீடுகளில் புதிய விஷயமா? அங்கே அடுப்படியில் மூடி வைத்துக்கொண்டிருந்த தட்டை, துன்னுக்கு வந்த பிறகு சிவமலர் வெளியே வைக்கத் தொடங்கினாள். அவர்களுடைய வீடு பாதி நிலத்துக்குள் இறங்கிய கீழ்த்தளம். பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, அதற்கு அப்பால் வாடகை வாங்குகிற வீட்டுக்காரியின் தோட்டம். அந்தப் படியில், இருட்டத் தொடங்கும் வேளையில், சோறும் மீன்குழம்பும்.

"ஏன் வெளியில வைக்கிறீர்?" என்று கேட்டார்.

"அவனுக்கு இந்த வீட்டுக் கதவு தெரியாது. மணத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் வரவேணும்" என்றாள், பால் வாங்கி வரச் சொல்வதைப் போல.

ஹோட்டலில் மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த இடைவேளைக்கு வரும்போதெல்லாம் அவர் படியைப் பார்ப்பார். முதல் நாள் வைத்த தட்டு கழுவி வைத்தது போல வெறுமையாகக் கிடக்கும். பூனையாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் வீட்டுக்காரியிடமும் பூனை இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை.

"நல்லாச் சாப்பிடுறான்" என்றாள் சிவமலர். "ஆனா தொய்வு கூடிப் போச்சு. இழுக்கிறது இஞ்சை கேக்குது."

தவச்செல்வனுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு இழுக்கும். அது அவருக்கு நினைவு வந்தபோது கழுத்துக்குப் பின்னால் மயிர் எழும்பியது. தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

விடுமுறை நாளொன்றில் அவரும் அதைக் கேட்டார். ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறித் தோட்டத்தை மூடியிருந்தது. உள்ளே வெளிச்சம் போடாமல் சிவமலர் கதவருகே நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். முதலில் சருகு நெரிபடும் ஓசை. யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பது போல, நின்று நின்று வந்தது. பிறகு மூச்சு. நெஞ்சுக்கூட்டுக்குள் சளி அறுபடுகிற மூச்சு, நடுவே ஒரு வறட்டு இருமல். மச்சானோடு ஒரே பாயில் படுத்து எழும்பியவர் அவர். அந்த இருமலை எங்கே கேட்டாலும் அவருக்குத் தெரியும்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனபோது அவள் கையைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது.

"லைட் அடிக்காதேங்கோ. வெருண்டு போடுவான்."

அடித்தார். தட்டுக்குள் மூக்கை நுழைத்தபடி, தேங்காய்ப் பருமனில் ஒரு முள் உருண்டை நின்றது. வெளிச்சம் பட்டதும் சுருண்டு மூச்சை மட்டும் இழுத்தது. ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அப்படியே படியில் குந்திவிட்டார்.

"பாரும் மலர், பாரும்! முள்ளம்பன்றிக் குட்டியெல்லே உமக்கு விளையாட்டுக் காட்டியிருக்கு!"

சிவமலர் சிரிக்கவில்லை, ஏமாந்தவள் போலவும் இல்லை. குனிந்து பார்த்தாள். "மெலிஞ்சு போனான்" என்றாள். ஸ்ரீஸ்கந்தராஜா டோர்ச்சை அணைத்தார்.

அவர் சிரித்த சத்தம் கேட்டு, மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரி ஃபிரவ் வெங்கர், அதாவது திருமதி வெங்கர், கையுறையோடு இறங்கி வந்தாள். தனியாக வாழ்கிற, எதையும் நேரே கேட்கிற கிழவி. உருண்டையைத் தராசில் வைத்துப் பார்த்து, பனிக்காலம் தாண்டுவதற்கு இதன் உடம்பு போதாது என்றாள். இருமல் வருவது நுரையீரலில் புழு இருப்பதால். மிருக வைத்தியர் ஊசி போடுவார். பிறகு, சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையை விசாரிப்பது போல அவரை விசாரித்தாள்.

"இது வீட்டுப் பிராணி இல்லை, ஹெர் சிறீ. பலவீனமாக இருப்பதை வசந்தம் வரை காப்பாற்றி விடலாம், அவ்வளவுதான். உங்களை இது விரும்பாது. உங்களை இதற்குத் தெரியக்கூடத் தெரியாது. நாறும். குளிர் கூடியதும் சுருண்டுவிடும். உடம்பு கல்லாகச் சில்லிட்டுவிடும், மூச்சு இருக்கிறதா என்பதே தெரியாது. அப்போது தொடக்கூடாது. அது சாவில்லை, தூக்கம். இதெல்லாம் சம்மதம் என்றால் சொல்லுங்கள், யாருக்காக வளர்க்கிறீர்கள்? இதற்காகவா, உங்களுக்காகவா?"

"இதற்காகத்தான்" என்றார். வாய் கூசாமல் சொன்ன பொய். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மனைவியின் முகத்தை. பல வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஆள் இருந்தது.

வீட்டுக்குள் கொண்டுவரும்போது ஒரு கடைசித் தடை சொல்லிப் பார்த்தார். "உந்த முள்ளு வீட்டுக்குள்ள விழுந்தாச் சண்டை வரும் எண்டு சொல்லுவினமெல்லே."

"சண்டை வாறதுக்கு முதல்ல கதைக்கவெல்லோ வேணும்" என்றாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்து நிலவறையில் பெட்டி, வைக்கோல், தண்ணீர்க் கிண்ணம். தம்பியைக் கூப்பிடுவது போல அதையும் தவம் என்றே கூப்பிட்டாள் சிவமலர். பூனைகளுக்கு விற்கிற இறைச்சி டின் வாங்கிக் கொடுக்கும்படி ஃபிரவ் வெங்கர் சொன்னாள். சிவமலர் வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்க மாட்டாள். வெள்ளியில் தம்பி மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் தின்னமாட்டான் என்று பருப்பும் சோறும் வைப்பாள். அது முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். அவள் நகர்ந்ததும் ஸ்ரீஸ்கந்தராஜா திருட்டுத்தனமாக டின்னை உடைத்து வைப்பார். சங்கக்கடையில் ஒரு கொத்து அரிசிகூடக் களவு போகவிடாத மனிதர், முள்ளெலிக்காகக் கள்ளனானார்.

ஊசிக்குப் பிறகு இருமல் நின்றது, உடம்பு தேறியது. அவளும் தேறினாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். கொஞ்சம் சாப்பிட்டாள். இதெல்லாம் பார்க்க அவருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் மம்மல் பொழுதில் நிலவறைப் படியில் இறங்கியவர் பாதியில் நின்றார். அவள் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் நல்லவர்தான்... இல்லை, அதை நான் அவருக்குச் சொல்லேல்லை... ஓம்... ஓம், அண்டைக்கு நீ சொன்னது எனக்கு விளங்கேல்லை... சரி, இனிச் சொல்லமாட்டன்."

அவள் கதைத்ததில் பயப்பட ஒன்றுமில்லை. தனியாக இருக்கும் பெண் எதனோடாவது கதைத்துவிட்டுப் போகட்டும். அவரை நடுங்க வைத்தவை நடுவில் வந்த மௌனங்கள். ஒருவர் மறுமொழி சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ, சரியாக அவ்வளவு நேரம் அவள் சும்மா இருந்தாள். ஒரு இடத்தில் பாதிப் பேச்சில் வெட்டுப்பட்டு நிறுத்தி, மற்றவரைப் பேசவிட்டாள். எதைத் தனக்குச் சொல்லவில்லை என்பதை ஸ்ரீஸ்கந்தராஜா கடைசி வரை கேட்கவில்லை. சத்தம் போடாமல் மேலே ஏறி வந்து, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அந்தப் பிராணியைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட வேண்டும் என்று நினைப்பதும், அவள் சாப்பிடுவதைக் கண்டதும் மனம் மாறுவதுமாக இருந்தார். அதைப் பற்றி அவளோடு கதைப்பதையே தவிர்த்தார். குளிரில் அது சுருண்டு தூங்கும் என்று ஃபிரவ் வெங்கர் அவருக்கு ஜெர்மனில் சொன்ன விஷயம் அவர் வாயிலேயே கிடந்துவிட்டது.

மார்கழிக் குளிர் இறங்கிய ஒரு பிற்பகல், ஹோட்டல் இடைவேளைக்கு வந்தார். வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கீழேயிருந்து ஒப்பாரி. பெண்கள் கூடியழுகிற செத்தவீட்டில் கேட்கிற ஒப்பாரி, அந்த வெறும் நிலவறைச் சுவரில் மோதி, பத்துப் பேர் அழுவது போல வந்தது.

சிவமலர் தலையை விரித்துப் போட்டுத் தரையில் இருந்தாள். மடியில் முள் உருண்டை. "செத்துப் போனான்" என்றாள். "இப்ப இல்லை. சைக்கிளில போன அண்டைக்கே செத்துப் போனான். எல்லாருக்கும் தெரிஞ்சுது. நான்தான் நம்பாமல் சோறு வைச்சுக்கொண்டிருந்தன். ஐயோ, என்ர பிள்ளை!"

அவர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். பல மாதமாக அவள் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது உடைந்ததே என்ற ஆறுதலும் அந்த அழுகையில் இருந்தது. பிறகு அவள் எழுந்து முழுகப் போனாள். போகும்போது சொன்னாள்: "அடக்கம் செய்யவேணும். அவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. கிடங்கு வெட்டுங்கோ."

தனியே நின்றவர் உருண்டையில் கையை வைத்தார். பனிக்கட்டி. முள்ளுக்கு அடியில் விரலை நுழைத்துக் காத்திருந்தார். நெடுநேரம் ஒன்றுமில்லை. சரி, உண்மையிலேயே செத்துவிட்டது என்று கையை எடுக்கப் போன நேரம், அந்தச் சில்லிட்ட உடம்பு மெல்ல ஒரு முறை உப்பித் தாழ்ந்தது.

இப்போது என்ன செய்வது? உயிர் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி மறுபடியும் சருகுக்குள் நடக்கத் தொடங்குவான், அவள் மறுபடியும் கதவடியில் குந்துவாள். சொல்லாவிட்டால் உயிரோடு ஒன்றைக் குழியில் வைத்து மண் போட வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சங்கக்கடை மூளைதான் வேலை செய்தது. குசினியில் சூரிச்சிலிருந்து வாங்கி வந்த தேங்காய் ஒன்று கிடந்தது. வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து அதில் தேங்காயைச் சுற்றிக் கட்டினார். முள்ளெலியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் ஃபிரவ் வெங்கரின் நிலவறையில் வைத்தார். மனைவி பயப்படுகிறாள் என்று சொன்னார். கிழவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைப் பூட்டில் திருப்பினாள்.

சிவமலர் ஈரத் தலையோடு அரிசிக் கிண்ணம் ஏந்தி வந்தாள். வாய்க்கரிசி போட வேண்டும். துணியைப் பிரிக்க வேண்டாம், சுற்றியாயிற்று என்று அவர் தடுத்தார். அவள் பொட்டலத்தை இரண்டு கையாலும் தடவித் தடவி வாய் எந்தப் பக்கம் என்று தேடினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "இஞ்சைதான்" என்றாள். அங்கே மூன்று தரம் அரிசி போட்டாள். உறைந்த நிலத்தைக் கொத்தி, ப்ளம் மரத்தடியில் அவர் புதைத்தார். துன் நகரத்தில் தேங்காய்க்கு ஈமக்கடன் செய்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். சிரிக்க முடியாத பகிடி.

எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவள் தம்பிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தாள். அன்றோடு படியில் தட்டு வைப்பது நின்றது. பின்கதவைத் தானே பூட்டினாள். பங்குனிக்குள் அதே ஹோட்டலில் துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். உடன் வேலை செய்த போர்த்துக்கீசப் பெண்ணோடு கையாலும் கண்ணாலும் கதைத்துச் சிரித்தாள். பழைய வாயாடி திரும்பிவிட்டாள் என்று ஸ்ரீஸ்கந்தராஜா நம்பினார். ஆனாலும் இடைவேளைகளில் ஃபிரவ் வெங்கரின் நிலவறைக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நிற்பார். செத்ததை ஒளித்து வைப்பவர்களை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். உயிரோடிருப்பதை ஒளித்து வைத்தவர் தான் ஒருவர்தான் என்று தோன்றும். சில நாள் பெட்டிக்குள் வைக்கோல் தானாக அசையும்.

வெயில் வந்ததும் அது விழித்துக்கொண்டது. அந்த வாரமே, ஒரு ஞாயிறு காலை, ஃபிரவ் வெங்கர் படியில் நின்று கூப்பிட்டாள். கொழும்பிலிருந்து தொலைபேசி. அவர்களுக்கு வருகிற அழைப்பெல்லாம் அவள் வீட்டுக்குத்தான் வரும்.

மேலே போய் ரிசீவரைக் காதில் வைத்தார். பேச்சுக்கு முன் மூச்சுத்தான் வந்தது. இழுத்து, அறுபட்டு, நடுவே ஒரு வறட்டு இருமல்.

"அத்தான், நான் தவம்."

பிடித்துக்கொண்டு போய் எங்கெங்கோ அடைத்து வைத்திருந்தார்களாம். வெளியில் வந்து கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறானாம். அக்காவோடு கதைக்க வேணும், அக்காவைக் கூப்பிடுங்கோ என்று அழுதான். ஸ்ரீஸ்கந்தராஜாவும் அழுதார். அடுத்த ஞாயிறு எடு, அக்காவுக்கு மெல்லச் சொல்ல வேணும் என்றார்.

மெல்லச் சொல்வதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பெட்டியைத் தூக்கி வந்து அவள் முன் வைத்தார். முள்ளெலி மூக்கை நீட்டி மேசைக் காலை முகர்ந்தது.

"மலர், இது சாகேல்லை. குளிருக்கு நித்திரை கொண்டது. நான்தான் உமக்குப் பொய் சொன்னனான். அதே மாதிரி..."

"இது வேற ஒண்டு" என்றாள் அவள்.

"அதேதான்! அண்டைக்குப் புதைச்சது தேங்காய்!"

அவள் அவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரனைப் பார்க்கிற இரக்கம் அந்தக் கண்ணில் இருந்தது. அது தாங்க முடியாமல் தோட்டத்துக்கு ஓடி, ப்ளம் மரத்தடியைத் தோண்டி, மண்ணூறிய பொட்டலத்தை எடுத்து வந்து துணியைப் பிரித்தார். தும்பு கறுத்த தேங்காய் மேசையில் உருண்டது.

சிவமலர் அலறிய அலறலில் மேல்மாடிக் கதவு திறந்தது. "தோண்டி எடுத்திட்டியளே! பிரேதத்தைத் தோண்டி எடுத்திட்டியளே!" என்று அந்தத் தேங்காயைத் துணியால் பொத்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். தானே கொண்டுபோய்த் தானே கிடங்கில் வைத்து, கையால் மண் தள்ளி மூடினாள். முழுகிவிட்டு வந்து, ஒன்றும் நடவாதது போல அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். முள்ளெலியைக் கிழவி கொண்டுபோய் வேலிக்கரையில் விட்டாள்.

ஞாயிறு வந்தது. கொழும்பில் யாரோ கதைக்க வேணும் என்கிறார்கள் என்று சொல்லி அவளை மேல்மாடிக்கு அழைத்துப் போனார். குரலைக் கேட்டால் தெளிந்துவிடுவாள் என்று நம்பினார். குரலை மறக்க முடியுமா?

அவள் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டாள். மறுபக்கத்தில் "அக்கா, அக்கா" என்று அவன் கூப்பிடுவதும், நெஞ்சு இழுப்பதும் பக்கத்தில் நின்ற ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கே கேட்டது. சிவமலர் நிதானமாக, அந்நிய ஆளோடு பேசுகிற மரியாதையோடு பேசினாள்.

"தம்பி, அழாதேங்கோ. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை. எனக்கு ஒரே ஒரு சகோதரம். அவன் மோசம் போயிட்டான். நான் என்ர கையால வாய்க்கரிசி போட்டு அனுப்பினனான்."

ரிசீவரைக் கணவரிடம் நீட்டினாள். "பாவம், ஆரோ தன்ர தமக்கையைத் தேடித் திரியிறான். குரலும் அவன்ர குரல் மாதிரித்தான் கிடக்கு. நல்ல மாதிரி நாலு வார்த்தை கதைச்சு வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கீழே குழாய் திறந்து கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

ஸ்ரீஸ்கந்தராஜா ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோனார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இருமலுக்கு நடுவே அவன் கேட்டான்.

"அத்தான், அக்காவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"